அணு மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கலாமா? வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்

வணக்கம் பிள்ளைகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் டொக்டர் என்றுதான் பதில் வரும். அணு மருத்துவம் என்று சொல்கிறவர் மிகக் குறைவு. சரி, அது என்ன வேலை?

[திரையில்: காமா கமராவின் கீழ் படுத்திருக்கும் நோயாளி]

எக்ஸ்ரேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. இங்கே நோயாளியின் உடம்பிலிருந்து வருகிறது. கதிர்த்தொழிற்பாடுள்ள மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். அது எலும்புக்கோ தைரொயிட்டுக்கோ போய்ச் சேரும். வெளிவரும் கதிரைப் பிடித்துப் படமாக்குவது மட்டும்தான் காமா கமராவின் வேலை. உறுப்பின் வடிவத்தைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்பதே இந்தப் படத்தில் தெரியும்.

இந்த மருந்துகளில் அதிகம் பயன்படும் கதிர்ப்பொருள் ரெக்னீசியம்-99எம். அரைவாழ்வுக்காலம், அதாவது கதிர்த்தொழிற்பாடு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 6 மணித்தியாலம்தான், வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது. அதனால் 66 மணித்தியால அரைவாழ்வுள்ள மொலிப்டினம்-99 ஈயக் கவசப் பெட்டியில் வருகிறது. அது சிதையச் சிதைய உள்ளே ரெக்னீசியம் உண்டாகும். காலையில் உப்புநீரைச் செலுத்தி எடுப்பார்கள். துறைக்காரர் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். மாடு வளர்க்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

[திரையில்: 7.00 மணி – 20, பகல் 1.00 மணி – 10]

இனிக் கணக்கு. காலை 7 மணிக்கு ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகியூரி (கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் அலகு) இருக்கிறது என்று வையுங்கள். வளர்ந்தவரின் எலும்பு ஸ்கானுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். முல்லைத்தீவு அம்மாவின் பஸ் பிந்தி அவர் பகல் 1 மணிக்கு வந்தால், அதில் 10தான் மிச்சம். இரண்டு மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். 10.20க்கு வந்தால்? பரீட்சைக்காகப் பாடமாக்கிய சிதைவுச் சமன்பாடு அங்கேதான் கைகொடுக்கும்.

ஊசி போட்டதும் படம் எடுப்பதில்லை. இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீர் கழிக்க வேண்டும், பிறகு ஆடாமல் படுக்க வேண்டும். இதையெல்லாம் பயந்துபோன ஒருவருக்கு அவருடைய மொழியில் சொல்ல ஆள் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

வீட்டில் "கதிர் பட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஊழியருக்கான சர்வதேச வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவேட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு). உடுப்பில் குத்தியிருக்கும் அளவி பட்டதைக் கணக்கு வைக்கும். ஊசிக்கும் கவசம் உண்டு. கர்ப்பமானால் உடனே அறிவிக்க வேண்டும்.

படிப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம், அங்கே கதிரியல் படவியல் பட்டம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அணு விஞ்ஞானத் துறையும் உண்டு. எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைந்நூலில் பாருங்கள், ரியூசன் வாசல் கதையை நம்ப வேண்டாம். மாவட்ட ஒதுக்கீடு நம் பக்கத்துக்குச் சாதகம். விரிவுரைகள் ஆங்கிலத்தில். சிங்களமும் கொஞ்சம் பழகுங்கள், ஏனென்றால் இந்தக் கமராக்கள் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கின்றன. ஊரோடு இருந்து செய்யும் வேலை தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.