லேசர் டயோட்: கடைசியா மேசைக்கு வாற சாமான்

[காட்சி: பிரிச்ச டிவிடி ரைட்டர். விரல் நுனியில ஒரு சின்ன டயோட்.]

வணக்கம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கம்பியூட்டர் திருத்துற கடைகள்ல பழைய டிவிடி ரைட்டர் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கும். கேட்டாச் சும்மாவே தந்திருவாங்க. அதுக்குள்ள கிடக்கிற லேசர் டயோட் கடலைப்பருப்பளவுதான். அதக் கழட்டின உடனே ரெண்டு பற்றரியில தொட்டுப் பாக்கத்தான் கை போகும். இண்டைக்கு அந்தக் கையத்தான் கொஞ்சம் பிடிச்சு வைக்கப் போறம்.

வெளிச்சத்தப் பாத்து லேசரின்ட பலத்தச் சொல்ல ஏலாது. அந்த ரைட்டருக்குள்ள ரெண்டு கதிர் இருக்கு. டிவிடிக்குச் சிவப்பு, 650 நனோமீற்றர் அளவில. சீடிக்கு 780 நனோமீற்றர், அகச்சிவப்பு. இந்த ரெண்டாவது எவ்வளவு பலமா அடிச்சாலும் கண்ணுக்கு மங்கின சிவப்பாத்தான் தெரியும். "இது பிடிக்கல்ல போல" எண்டு குனிஞ்சு பாக்கிற நேரத்தில வேலை முடிஞ்சிரும். விழித்திரையில நோவு தெரியிற நரம்பும் இல்ல. காயம் பட்டது மறுகாதான் தெரிய வரும்.

சிவப்பும் லேசுப்பட்டதில்ல. டிஸ்க்கில எழுதுற டயோட் 100 மில்லிவாற்றுக்கு மேலயும் போகும். லேசரின்ட ஆபத்தப் பிரிக்கிற வகையில, 5 மில்லிவாற்றுக்கு மேல 500 வரைக்கும் 3பி எண்டுவாங்க. அதின்ட நேர்க்கதிர் பட்டா, கண் சிமிட்டுற கால் செக்கனும் பாதுகாப்பில்ல. அதனால முதல்ல 5 மில்லிவாற் சிவப்பு டயோட்டில பழகுங்க. இனி நான் சொல்ற கணக்கெல்லாம் அதுக்குத்தான். அதையும் நேர பாக்கிறேல்ல.

[காட்சி: பிரெட்போர்டில் எல்எம்317, ஒரு தடை, மூண்டு சாதாரண டயோட்.]

லேசர் டயோட்டுக்கு வோல்ற்றேஜ் குடுக்கிறேல்ல, கரண்ட்தான் குடுக்கிறது. சூடு ஏற ஏற அது கூடக் கரண்ட் இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும். எல்எம்317 எண்ட ரெகுலேற்றர் சிப் அதக் கட்டுப்படுத்தும். அதின்ட 1.25 வோல்ற்றத் தடையின்ட ஓமால வகுங்க, வாறதுதான் கரண்ட். 62 ஓம் போட்டா 20 மில்லி அம்பியர், 47 ஓம் போட்டா ஏறக்குறைய 27. ஒரு 9 வோல்ற் பற்றரி காணும். மெயின்ஸ் அடப்டர் வேண்டாம். கரண்ட் போய் வாற நேரத்தில வாற துள்ளல் ஒண்டே டயோட்டுக்குப் போதும்.

இப்பவும் லேசர் மேசைக்கு வரல்ல, பாருங்க. அதின்ட இடத்தில 1என்4007 டயோட் மூண்டத் தொடரா வைக்கிறம். மூண்டும் சேந்து 2.2 வோல்ற் போல விழுத்தும். சிவப்பு லேசரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூட ஒரு 1 ஓம் தடை. அதுக்குக் குறுக்கால மீற்றர வைச்சா, எத்தனை மில்லிவோல்ற் காட்டுதோ அத்தனை மில்லி அம்பியர். 20 காட்ட வேண்டிய இடத்தில 60 காட்டினா? இந்த மூண்டுக்கும் ஒண்டும் ஆகாது. லேசரா இருந்தா அப்பவே செத்திருக்கும்.

[காட்சி: நெருக்கத்தில் டயோட்டின் கால்கள், சுத்தின செப்புக் கம்பி.]

கணக்குச் சரியெண்டாப் பற்றரியக் கழட்டுங்க. கொள்ளளவி (கப்பாசிற்றர்) போட்டிருந்தா அதின்ட ரெண்டு காலையும் ஒருக்காத் தொடுத்து விடுங்க. கனபேர் விடுறது இந்த இடத்தத்தான். லோட் இல்லாமக் கிடந்த சேர்க்கிட்டில கொள்ளளவி முழு வோல்ற்றேஜுக்கு ஏறிக் கிடக்கும். டயோட்டத் தொட்ட உடனே எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டிரும்.

டயோட்டின்ட கால் மூண்டையும் மெல்லிய செப்புக் கம்பியால ஒண்டாச் சுத்தி வைங்க. சுத்தினபடியே ஈயம் பிடிங்க. எல்லாம் ஆறினாப் பிறகு கடைசியா அந்தக் கம்பிய வெட்டுங்க. வறண்ட கச்சான் காத்து அடிக்கிற காலத்தில, நைலோன் சேட்டோட இருந்து வேலை செஞ்சா, உடம்பில ஏறுற நிலைமின்னே டயோட்டக் கெடுக்கும்.

[காட்சி: அட்டைப்பெட்டி, உள்ளே உடைஞ்ச கூரை ஓடு.]

கதிர் போய் முடியிற இடத்த முதலே வைங்க. நான் வைச்சிருக்கிறது அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு உடைஞ்ச ஓடு. பளபளப்பு இல்லாததால கதிர் சிதறிப் போகும். மணிக்கூடு, காப்பு கழட்டி வைங்க. சுவரில தொங்குற படக் கண்ணாடியையும் மறக்காதீங்க. இருக்கிற உங்களுக்கு மேசை உயரம் கண்ணுக்குக் கீழதான். பக்கத்தில நிக்கிற சின்னப் பிள்ளைக்கு அதுதான் கண் மட்டம்! கதவச் சாத்துங்க, லைற்றப் போடுங்க. இருட்டில கண்மணி விரிஞ்சு கூடக் கதிர உள்ள விடும்.

கறுப்புக் கண்ணாடி உதவாது. பாதுகாப்புக் கண்ணாடியில அது எந்த நனோமீற்றருக்கு எண்டு எழுதியிருக்கும். பச்சை லேசருக்குச் செஞ்சது சிவப்ப அப்படியே விடும்.

அகச்சிவப்பப் பாக்க ஃபோன் கமரா போதும். முதல்ல டீவி ரிமோட்டக் காட்டி அது பிடிக்குதா எண்டு பாருங்க. மறுகா ஓட்டில விழுற புள்ளியப் படம் பிடிங்க, கதிர லென்ஸுக்குள்ள விட்டுராதீங்க. கல்லடிப் பாலத்தில நிண்டு ராவில அடிச்சுப் பாக்கிற பொடியன்மாருக்கு ஒரு சொல்: வாகனம் ஓட்டுறவருக்கும் கண் இருக்கு, விமானம் ஓட்டுறவருக்கும் இருக்கு.

[காட்சி: ஓட்டில் மங்கின புள்ளி.]

இப்ப பற்றரி. 20 மில்லி அம்பியரில மங்கலா ஒரு வெளிச்சம், சாதாரண எல்இடி மாதிரி. பிழையில்ல, லேசர் அடிக்கத் தொடங்குற அளவு, அதாவது வாசல் கரண்ட், இன்னும் வரல்ல. பற்றரியக் கழட்டி, 47 ஓம் மாத்தி, திரும்பப் போடுங்க. ஒரேயடியா வெளிச்சம் பாஞ்சு, புள்ளி மணி மணியா மின்னினா லேசர் உயிரோட இருக்கு. டயோட்டின்ட தரவுத்தாளில போட்டிருக்கிற வாசலுக்கு மேல போயும் அந்தப் பாய்ச்சல் இல்லாம, மெல்ல மெல்லத்தான் கூடுதெண்டா அது முதலே எரிஞ்ச டயோட். கரண்டக் கூட்டிக் கூட்டி அத எழுப்ப ஏலாது. அடுத்த டயோட்ட எடுங்க.