வரப்போகிற பையன்

அனைவருக்கும் வணக்கம்.

கூடைப்பந்து பற்றிப் பேசப் போகிறேன் என்று அமைப்பாளரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். "கிரிக்கெட் என்றால் நம்ம ஆட்கள் உட்காருவாங்க, இதுக்கு உட்காருவாங்களா சார்?" என்றார். எண்ணிப் பார்த்தேன், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் பின்னால் மூடி வைத்திருக்கும் சுண்டலுக்காக வந்தவர்கள் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அமெரிக்காவில், நார்த் கரோலினா மாநிலத்தில் நாம் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகம். அங்கிருந்து சுமார் பத்து மைல் போனால் சேப்பல் ஹில்லில் நார்த் கரோலினா பல்கலைக்கழகம். ஒன்று அடர்நீலம், மற்றது வானநீலம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதைவிடப் பெரிய பங்காளிச் சண்டை கிடையாது. கேரியில் வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் பார்த்தோம், வரி பார்த்தோம், வாசல் கிழக்கா என்றுகூடப் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் எந்த நீலம் என்று மட்டும் பார்க்கவில்லை.

என் எதிர்வீட்டுப் பெரியவர் அடர்நீலம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டியூக்கில் படித்தவர் இல்லை, அவர் குடும்பத்தில் யாரும் அங்கே படித்ததில்லை. ஆனால் 2017-ஆம் ஆண்டு முழுக்க அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு பையனைப் பற்றித்தான். பக்கத்து மாநிலமான சவுத் கரோலினாவில், ஸ்பார்டன்பர்க் என்ற ஊரில், ஒரு சிறிய தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சயான் வில்லியம்சன். ஆறரை அடி உயரம், பயில்வான் உடம்பு, அதைத் தூக்கிக்கொண்டு பறக்கிற கால்கள். அவன் பந்தை வளையத்துக்குள் அறையும் வீடியோக்களை லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு அவன் எடை தெரியும், கை விரித்தால் எவ்வளவு நீளம் என்று தெரியும், முந்தின வாரம் எத்தனை புள்ளி எடுத்தான் என்று தெரியும். சொந்தப் பேரன் எந்த வகுப்பு என்று கேட்டால் மனைவியைத்தான் கூப்பிடுவார்.

நான் பேச வந்தது இந்தப் பெரியவரைப் போன்றவர்களைப் பற்றி. இன்னும் தங்கள் கல்லூரிக்கே வராத ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை மூன்று வருடம் முன்பே பிடித்துக்கொண்டு, அவன் வருவானா வரமாட்டானா என்று தூக்கம் கெடுகிறவர்கள். முதலில் எனக்கு இது பைத்தியமாகத் தெரிந்தது. அப்புறம் புரிந்தது, இது நமக்கு நன்றாகத் தெரிந்த விவகாரம்தான். பெண் பார்க்கும் படலம்.

யோசித்துப் பாருங்கள். முதலில் கல்லூரி 'ஆஃபர்' கொடுக்கும். அதாவது, இலவசமாகப் படிக்க வைக்கிறோம், வந்து ஆடு. நல்ல பையன் என்றால் இருபது, முப்பது கல்லூரிகள் கேட்கும். பையன் வீட்டார் பட்டியலைப் பத்தாகச் சுருக்குவார்கள், பிறகு ஐந்தாக. ஒவ்வொரு சுருக்கலுக்கும் ஒரு அறிவிப்பு. பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசுவார். அம்மா மனசு மாறினால் எல்லாம் மாறும் என்று அவருக்குத் தெரியும். பையன் கல்லூரிக்குப் போய் இரண்டு நாள் தங்குவான், அரங்கத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், அவன் பெயர் அச்சடித்த சட்டையை மாட்டிப் படம் எடுப்பார்கள். 'கமிட்' ஆகிவிட்டேன் என்று பையன் சொன்னால் அது வெறும் வாய்வார்த்தை, மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டால்தான் நிச்சயதாம்பூலம்.

ஜாதகப் பொருத்தமும் உண்டு. பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்று நட்சத்திரம், நான்கு, ஐந்து. பையன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்று ஆரூடம் சொல்வதும் அவர்கள் வேலைதான். அதில் ஒரு நிறுவனம் அந்த ஆரூடத்துக்கு 'கிறிஸ்டல் பால்' என்றே பெயர் வைத்திருக்கிறது. நம்மூர் ஜோசியருக்கு இருக்கும் கூச்சம்கூட இல்லை.

இதில் ஒரு விதி வேடிக்கையானது. பையன் கையெழுத்துப் போடும் வரை பயிற்சியாளர் அவன் பெயரைச் சொல்லிப் பொதுவில் பேசக்கூடாது. அவர் வாயைக் கட்டிவிட்டார்கள், சரி. ரசிகன் வாயை யார் கட்டுவது? பையனின் அம்மா எந்தத் துணைப் பயிற்சியாளரைச் சமூக ஊடகத்தில் பின்தொடர ஆரம்பித்திருக்கிறார், நேற்றைய வீடியோவில் அவன் போட்டிருந்த காலுறை என்ன நீலம், எதற்குமே அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். ஒருநாள் பெரியவர் என்னை வேலிக்கு அருகே கூப்பிட்டு, சயானின் வளர்ப்பு அப்பா க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர் என்று, வீட்டில் சாவு விழுந்த முகத்தோடு சொன்னார். க்ளெம்சன் அவர்கள் வீட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். உள்ளூர்ப் பையன், உறவுக்காரக் கல்லூரி. ஆரூடக்காரர்கள் பலரும் க்ளெம்சன் என்றே சொல்லிவிட்டார்கள்.

2018 ஜனவரி 20, சனிக்கிழமை. பெரியவர் வீட்டு ஹாலில் ஏழு பேர், கூட நானும். பள்ளியிலிருந்து இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் நேரடி ஒளிபரப்பு. க்ளெம்சன், கென்டக்கி, கேன்சஸ், நார்த் கரோலினா, சவுத் கரோலினா, டியூக் என்று ஆறு பேர் போட்டியில் இருந்தார்கள். பெரியவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் டியூக் என்றான், அடர்நீலத் தொப்பியைத் தலையில் வைத்தான். பெரியவரின் மனைவி கத்திய கத்தலில் நாய் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. பெரியவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமனார் செய்தது அதேதான்.

அந்த ஆண்டு நாட்டின் முதல் ஐந்து பையன்களில் மூன்று பேர், பாரெட், ரெடிஷ், சயான், ஒரே கல்லூரிக்குப் போனார்கள். நவம்பர் 6 அன்று முதல் ஆட்டத்தில் கென்டக்கியை 118-84 என்று அடித்தார்கள். பெரியவர் மறுநாளே கோப்பை வந்துவிட்டது போல நடந்தார்.

இந்த மோகம் புதிதும் அல்ல. 1965 மே மாதம் நியூயார்க்கில் பவர் மெமோரியல் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஏழடி உயரப் பையன் ஒருவன் நிருபர்களுக்கு முன்னால் நின்று, கலிஃபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றான். லூ அல்சிண்டர், பிற்காலத்தில் கூடைப்பந்து உலகமே அறிந்த கரீம் அப்துல் ஜப்பார் ஆனவர். முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் அந்த நவம்பரில் அவர் முதலாண்டுப் பையன்களின் அணியில் நின்று, இரண்டு வருடமாகத் தேசியக் கோப்பை வைத்திருந்த சொந்தக் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 என்று தோற்கடித்தார். தானாக 31 புள்ளி. அப்புறம் மூன்று வருடம் ஆடினார், மூன்று கோப்பை, 90 ஆட்டத்தில் இரண்டே தோல்வி. காத்திருந்த ரசிகனுக்கு வட்டியும் முதலும் வந்தது.

இன்று அந்தக் கணக்கு கிடையாது. பத்தொன்பது வயதாகி, பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகியிருந்தால்தான் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்கு வரலாம் என்ற விதி, அதன் அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தைக் கழிக்கத்தான் பெரிய பையன்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். மூன்று வருடம் பெண் பார்த்து, ஐந்து மாதம் குடித்தனம்.

சயான் டியூக்குக்கு ஆடியது 33 ஆட்டங்கள். நடுவில் 2019 பிப்ரவரி 20. டர்ஹமில், நார்த் கரோலினாவுக்கு எதிராக. இந்த ஆட்டத்துக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் புல்வெளியில் கூடாரம் போட்டுக் காத்திருப்பது வழக்கம். பழைய சின்ன அரங்கம், 9,314 பேர்தான் உட்காரலாம். அன்று ஒபாமாவும் வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை. சயான் கால் ஊன்றித் திரும்பினான், இடது கால் ஷூ பிளந்து பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்கால் சுளுக்கு. ஒபாமா விரலை நீட்டி ஷூ உடைந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது கேமராவில் விழுந்தது. மறுநாள் அந்த ஷூ நிறுவனத்தின் பங்கு விலைகூடச் சற்று இறங்கியது. ஆட்டத்தை டியூக் 88-72 என்று தோற்றது.

பெரியவர் அன்றிரவு வெளியே வந்து குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். மறுநாள் குப்பை எடுக்கும் நாளே இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார், "பாவம், அவனுக்கு வலிக்குமே." அன்றுதான் முதல்முறையாக அவர் வாயில் டியூக் என்ற பெயர் வராமல் அந்தப் பையனைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது.

மூன்று வாரம் கழித்து சயான் திரும்பி வந்து முதல் ஆட்டத்தில் எறிந்த 13 பந்தையும் உள்ளே போட்டான். பிறகு தேசியப் போட்டியில் ஒரு புள்ளியில் ஒரு ஜெயம், இரண்டு புள்ளியில் ஒரு ஜெயம் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு போய், மார்ச் 31 அன்று மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று ஒரே ஒரு புள்ளியில் விழுந்தார்கள். அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை. அந்த வருடக் கோப்பை வர்ஜீனியாவுக்கு. அவர்களிடம் இந்த மாதிரித் தொலைக்காட்சிப் பையன் யாரும் இல்லை, மூன்று நான்கு வருடம் சேர்ந்து ஆடிய பையன்கள் இருந்தார்கள்.

நட்சத்திரம் போடுகிறவர்களை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிற்காலத்தில் என்.பி.ஏ.வின் மாபெரும் வீரரான ஸ்டெஃபன் கரி நம் மாநிலத்தில் சார்லட்டில் பள்ளி முடித்தபோது, அவன் அப்பா ஆடிய வர்ஜீனியா டெக்கூட ஸ்காலர்ஷிப் தரவில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்துகொள் என்றார்கள். பெரிய கல்லூரி எதுவும் கேட்காததால் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனான். இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். அவனுக்காக எந்த ஹாலிலும் ஏழு பேர் உட்கார்ந்திருக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. மிச்சிகனில் இப்சிலான்டி என்ற ஊரில் எமோனி பேட்ஸ் என்று ஒரு பையன். பதினைந்து வயதில், 2019-இல், நாட்டின் பெரிய விளையாட்டுப் பத்திரிகையின் அட்டையில் அவன் படம். அடுத்த வருடம் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு வருகிறேன் என்றான், அங்குள்ளவர்கள் ஆடிப் பாடினார்கள். அதற்கடுத்த வருடம் வரவில்லை என்றான். பள்ளியில் ஒரு வருடப் படிப்பைத் தாண்டி, பதினேழு வயதில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். முதுகுவலி, பாதி ஆட்டம் பெஞ்சில். திரும்பி வந்து சேர்ந்தது சொந்த ஊரிலேயே இருக்கும் ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற கல்லூரி. அட்டைப்படத்துப் பையனைத் தேடி யாரும் அங்கே போக மாட்டார்கள். 2023 ஜனவரியில் டொலிடோவுக்கு எதிராக அவன் அணியின் 29 புள்ளிகளை, நடுவில் வேறு யாரும் ஒரு புள்ளிகூட எடுக்காமல், வரிசையாக அவன் ஒருவனே எடுத்தான். மொத்தம் 43. அணி தோற்றது. அந்த ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் அவன் பெயர் 49-ஆவதாக வந்தது.

49 கெட்ட எண் இல்லை, நண்பர்களே. உலகத்தில் எத்தனை பையன்கள் பந்து தட்டுகிறார்கள்! நம் வீட்டுப் பிள்ளை நாட்டில் 49-ஆவது என்றால் இந்த ஹாலில் சுண்டலோடு கேசரியும் இருக்கும். ஆனால் அவனை ஏமாற்றுக்காரன் போலப் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். அவன் யாரிடம் என்ன கடன் வாங்கினான்? பதினைந்து வயதில் அவன் கையெழுத்தே போடாத பத்திரத்தில் மற்றவர்கள் தொகையை எழுதிக்கொண்டார்கள்.

இப்போது காசும் நேராக வந்துவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை, முகத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். முன்பு மேஜைக்கு அடியில் போனது இப்போது மேஜை மேல் போகிறது, நான் அதற்கு ஆதரவு. கல்லூரி மாறுவதும் சுலபம். ரசிகர்களில் சிலர் இதனால் ருசி போய்விட்டது என்கிறார்கள். எதிர்வீட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை. மெயின் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற, மூவாயிரம் பேர் இருக்கும் ஊரிலிருந்து கூப்பர் ஃப்ளாக் 2023 அக்டோபரில் டியூக்கைத் தேர்ந்தெடுத்தபோது அதே ஹால், அதே சோபா. நாய் மட்டும் வேறு. 2025-இல் அந்தப் பையன் அரையிறுதி வரை கொண்டுபோனான். கடைசி அரை நிமிடச் சொச்சத்தில் ஆறு புள்ளி முன்னால் இருந்து, ஹூஸ்டனிடம் 70-67 என்று கைவிட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வேலிக்கு அருகே கூப்பிட்டார். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போனேன். அவர் போனை நீட்டினார். எங்கோ ஒரு பள்ளி, கூரை ஒழுகிய கறை தெரிகிற அரங்கம், பதினைந்து வயதுப் பையன் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு மூன்று பேரைத் தாண்டிப் போகிறான். "ஒன்பதாவதுதான் படிக்கிறான்" என்றார். வெயில் அடித்ததால் திரை சரியாகத் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடுங்கள் என்றேன்.