கோடாலிக்கு முந்தி நகம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகளிர் குழுக்கள் நடத்திய கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலையை விட்டு நகராத வணிகர் சங்கத்துப் பெரியவரே, தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம். சால்வை போடுவதிலேயே அரைமணி போய்விட்டது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா அம்மையாரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவர் வாழ்க்கை, அவர் நோக்கு, அவர் செய்த ஆராய்ச்சி.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. மறுவருஷம் சாந்தா அங்கே சேர்ந்தார். அரசு மருத்துவமனை வேலை கைக்கு வந்தும் வேண்டாம் என்றார். முதலில் சம்பளமே இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய். அந்த வளாகத்திலேயே குடியிருந்தார், 2021இல் கண்மூடும் வரை. 2005இல் மகசேசே விருது வந்தது. பணம் கட்ட முடியாதவருக்கும் அதே வைத்தியம், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும், பயம்தான் முதல் எதிரி. இதுதான் அவர் நோக்கு. நம் ஊர்ப் பழமொழியில் சொன்னால், நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டுவானேன்?

என் அத்தை கதையைச் சொல்கிறேன். முதுநகரில் மீன் விற்பவர். சுருக்குப்பையில் காசு இருக்கோ இல்லையோ, புகையிலை இருக்கும். ஒருநாள் குழம்பை வாயில் வைத்ததும் கத்தினார்: "எரியுதே! இவ மொளகாவ அள்ளிக் கொட்டுறா, என்னைக் கொல்லப் பாக்குறா!" ஆறு மாசம் இதே ரகளை. மருமகள் மிளகாயைக் குறைத்தாள், அப்புறம் அடியோடு நிறுத்தினாள். கடைசியில் வெறும் மோர்க்கஞ்சி ஊற்றினாள். அதுவும் எரிந்தது! "கஞ்சியிலயுமா அத்தை மொளகா போட்டேன்? வாயத் தொறங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம், புகையிலை அடக்கும் அதே இடத்தில், சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு. மறுநாளே பாண்டிச்சேரி பஸ் ஏற்றி ஜிப்மருக்குக் கூட்டிப்போனாள். சதை எடுத்துப் பார்த்தார்கள், ஆரம்ப நிலை. சின்ன ஆபரேஷன்தான். டாக்டர் வாயைத் திற என்றால் அத்தை மருமகளைப் பற்றிப் புகார் சொல்லத் திறந்தாராம்! இன்றைக்கும் மீன் விற்கிறார். இப்போது சண்டை, குழம்பில் காரம் பத்தவில்லை என்று.

சிரிக்கிறீர்கள். நகத்தால் கிள்ளியதால் சிரிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் அகலமாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அத்தையாவது அறுபதைத் தாண்டியவர். நம் பள்ளிக்கூட வாசல் கடையில் சரம் சரமாகப் புகையிலைப் பொட்டலம் தொங்குகிறதே, அது யாருக்கு? 2003ஆம் வருஷத்துச் சட்டம் பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 18 வயது ஆகாதவருக்கு எங்கேயும் விற்கக்கூடாது என்கிறது. கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். அந்தக் கடை எல்லைக்குள்தான் வருகிறது. கடைக்காரர் மேல் எனக்கு விரோதமில்லை. மிட்டாய் விற்கட்டும், நோட்டுப் புத்தகம் விற்கட்டும்.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் அம்மா மணி அடித்துவிட்டார், இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். அந்தக் கடையில் புகையிலை விற்பதை நிறுத்தச் சொல்லி மனு கொடுக்க, வாசலில் கையெழுத்து நோட்டு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் சுண்டல் வாங்கிப் போகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம், பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். வணக்கம்.