அயர்லாந்தின் பச்சை

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அயர்லாந்துக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும், "அப்பப்பா, என்ன பச்சை!" என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கால்வே நகரத்தைத் தாண்டி மேற்கே கானமாரா பக்கம் கார் போய்க்கொண்டிருந்தபோது, கூட வந்த நண்பர் ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி, மரம் எங்கேய்யா?"

நியாயமான கேள்வி. அந்த நாட்டில் காடு என்பது நிலப்பரப்பில் சுமார் 11 சதவீதம்தான். அதிலும் கிட்டத்தட்ட பாதி, வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். நாம் பார்த்து மயங்குவது காடல்ல, புல். விவசாய நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு புல்லும் மேய்ச்சலும்தான். அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் குளிர்காலத்தின் கடுமையைக் குறைத்துவிடுகிறது. மழையும் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்காமல் தூறிக்கொண்டே இருக்கும். வைப்பரை நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். புல்லுக்கு வேறென்ன வேண்டும்?

மோட்டார்வேயில் போனால் இதெல்லாம் தெரியாது. கிளைச்சாலையில் இறங்க வேண்டும். ஒரு கார் போகும் அகலம், இருபக்கமும் கண்ணாடியை உரசும் முள்வேலி, தார்ச்சாலையின் நடுவிலேயே முளைத்த புல். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். அநேகமாக அது வாடகைக் கார்க்காரர்தான். வழிவிட்டால் டிராக்டர்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்துவார். வணக்கம், நன்றி எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த மாதிரிச் சாலைகளுக்கு 2025 பிப்ரவரி வரை பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்! இப்போது 60. அதுவே அதிகம் என்பேன்.

மேற்கே மேயோ மாவட்டத்தில் டூலோ பள்ளத்தாக்கு வழியாக ஒரு சாலை போகிறது. ஒரு புறம் ஏரி, மறுபுறம் மலை. அந்தப் பகுதிகளில் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மலைச்சரிவுகளை உற்றுப் பாருங்கள். புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். உருளைக்கிழங்கு போட்ட பழைய பாத்திகள் அவை. 1845-இல் கிழங்குக்கு நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தப் பாத்திகளில் பலவற்றை அதற்கப்புறம் யாரும் கொத்தவே இல்லை. 1841-இல் தீவு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். இன்றுவரை அந்த எண்ணிக்கை திரும்பவில்லை. ஆள் போன இடத்தில் ஆடும் மாடும் வந்தன, புல் வந்தது.

டூலோ சாலையோரம் ஒரு கற்சிலுவை நிற்கிறது. 1849 மார்ச்சில், நிவாரணம் வேண்டுமானால் பரிசோதனைக்கு வாருங்கள் என்று பட்டினி கிடந்தவர்களை லூயிஸ்பர்க் என்ற ஊரிலிருந்து டெல்ஃபி என்ற இடம் வரை, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். போன வழியிலும் வந்த வழியிலும் பலர் விழுந்து செத்தார்கள். அந்த நினைவுச்சின்னத்தில் பொறித்திருப்பது யாருடைய வாசகம் தெரியுமா? காந்தியுடையது. சக மனிதரை இழிவுபடுத்துவதில் ஒருவருக்கு என்ன பெருமை இருக்க முடியும் என்று கேட்கிறார். எந்த வழிகாட்டியும் சொல்லாமல் அதன் முன்னால் போய் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆகவே அது இயற்கை தானாகத் தந்த பச்சை என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் அப்படித்தான். பால், வெண்ணெய், மாட்டிறைச்சி என்று ஏற்றுமதி பெரிது. அதற்கு ரைகிராஸ் என்ற புல்லை விதைத்து, உரம் போட்டு வளர்க்கிறார்கள். உரமும் சாணமும் ஆறுகளில் கலப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓயாத இழுபறி. விவசாயிகளோ மாட்டைக் குறைக்கத் தயாரில்லை. கோடையின் தொடக்கத்தில் போனால், புல்லை அறுத்துக் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய உருளைகளாக வயலில் உருட்டிவிட்டிருப்பார்கள். அறுத்த நிலம் வெளிறிக் கிடக்கும். அப்புறம் டாங்கரில் மாட்டுச்சாணக் கரைசலைக் கொண்டுவந்து அதன்மேல் தெளிப்பார்கள். அந்த நேரத்தில் ரசனையெல்லாம் கிடையாது, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்ட வேண்டியதுதான்.