மனதில் தங்குவது சித்திரக்கதையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் வாசகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு மாதம் முழுக்க நாவலும் காமிக்ஸும் ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவுமாக வாசித்த ஒருவர் மனதில் ஆழமாகத் தங்குவது எழுத்துக் கதையா, சித்திரக்கதையா? இதுதான் தலைப்பு. அப்படியொரு மாதத்தைச் சமீபத்தில் அனுபவித்தவன் நான். நாவல்கள் கொடுத்த சந்தோஷத்தை மறுக்க மாட்டேன். ஆனால் மனதில் தங்கியது எது என்று கேட்டால், சித்திரக்கதைதான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ஒன்று சொன்னார்: “வந்தியத்தேவனை நானே மனதுக்குள் வரைந்துகொள்கிறேன். படம் போட்டுக் காட்டிவிட்டால் என் கற்பனைக்கு என்ன வேலை?” அரங்கமே கைதட்டியது. சரி, தோழி, ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் எப்படி வந்தது? ஓவியர் மணியத்தின் படங்களோடு வந்தது. வந்தியத்தேவனையும் குந்தவையையும் அந்தத் தலைமுறை அவர் தூரிகை வழியாகத்தான் பார்த்தது. அவர்களுடைய கற்பனை செத்தா போயிற்று? அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, படங்களோடு பைண்டு செய்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது என்பதே தவறான எண்ணம், நடுவர் அவர்களே. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். கட்டத்தில் இருப்பது அந்தரத்தில் மிதக்கும் ஒரு கை. அதற்குப் பின்னால் நிற்கும் மனிதனை, அவன் முகத்தை, அவன் பதற்றத்தை வரைந்தது யார்? படித்த பையன்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஓங்கிய கை ஒரு கட்டம், விழுந்து கிடப்பவன் அடுத்த கட்டம். அடி விழுந்தது நம் மனதில்.

இப்போது மங்காவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், நடுவர் மணியடிக்க வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் கேஜி நாகசாவாவுக்கு வயது 6. பள்ளிக்கூடத்துச் சுவரின் மறைவில் நின்றதால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இறந்தார்கள். வளர்ந்து மங்கா ஓவியரான பிறகும் அந்த அணுகுண்டைப் பற்றி அவர் வரையவில்லை. 1966-ல் அம்மா இறந்தார். தகனத்துக்குப் பின் எலும்புகளை எடுத்துவைப்பது ஜப்பானியர் வழக்கம். அம்மாவின் சாம்பலில் எடுக்க எலும்பே இல்லை. கதிர்வீச்சு அதையும் தின்றுவிட்டது என்ற கோபத்தில்தான் அவர் குண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973-ல் ‘வெறுங்கால் ஜென்’ தொடராக வரத் தொடங்கியது, அதுவும் சிறுவர்களுக்கான வார இதழில்.

அதில் இடிந்த வீட்டுக்கு அடியில் சிறுவன் ஜென்னின் அப்பாவும் அக்காவும் தம்பியும் சிக்கிக்கொள்கிறார்கள். தீ நெருங்குகிறது. அம்மாவும் அந்தப் பையனும் உத்தரத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள், அசையவில்லை. வருணனை தாங்க முடியாமல் போனால் நாவலில் நாலு வரியைத் தாண்டிப் போய்விடலாம். நானே போயிருக்கிறேன். இங்கே தாண்ட வழியில்லை. பக்கத்தைத் திருப்பியதும் அந்த முகம் நம்மைப் பார்த்துவிடுகிறது.

“முக்கால் மணி நேரத்தில் முடிகிற புத்தகம் எப்படி மனதில் தங்கும்?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, முதல் வாசிப்பில் வசனத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறோம். அப்புறம் இரண்டாம் முறை எடுக்கும்போதுதான் கோடுகள் கண்ணில் படுகின்றன. 1948-ல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைக் கருப்பு வெள்ளையில் திரும்பப் படித்துப் பாருங்கள். பாலைவன மணலின் நிறம் உங்களுக்குத் தெரியும், அச்சில் அது இருக்காது.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றும் ஒரு குரல் கேட்டது. யூத இனப்படுகொலையைச் சித்திரக்கதையாக்கிய ‘மவுஸ்’ 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கோரிக்கை. ஜென் முதல் தொகுதியின் பிரதி இந்த மேசைமேல் இருக்கிறது. வீடு இடிந்து விழும் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.