போர்ட்டோவில் இரண்டு நாள்: ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "போர்ச்சுகலில் உள்ள போர்ட்டோ நகரத்துக்கு, எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுடன் இரண்டு நாள் பயணமாகச் செல்லவிருக்கிறேன். ஊர் முழுவதும் மேடும் படிக்கட்டுமாக இருக்கும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். டூரோ ஆறு அட்லாண்டிக் கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், அதன் வடகரையில் செங்குத்தாக எழும் பாறைச் சரிவின் மேல் கட்டப்பட்ட ஊர் அது. ஆனால் வரும் பயணிகளில் பெரும்பாலானோர் மேட்டிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, படம் எடுப்பதற்காக மட்டும் அரை மணி நேரம் ஆற்றங்கரைக்கு இறங்குகிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். போர்ட்டோ என்ற பெயருக்கே துறை என்றுதான் பொருள். அங்கிருந்த போர்ட்டஸ் காலே என்ற பழைய துறையின் பெயரிலிருந்துதான் போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயரும் வந்தது. ஆற்றைப் பார்த்துவிட்டு ஏறினால்தான் மேலே இருக்கும் கட்டடங்கள் எந்தப் பணத்தில், எதற்காக எழுந்தன என்பது விளங்கும்.

முதல் நாள் காலையில் சாவ் பென்டோ ரயில் நிலையத்துக்குச் செல்லுங்கள். அதன் முகப்பு மண்டபத்தை ஏறத்தாழ 20,000 நீல ஓடுகள் மூடியிருக்கின்றன. ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் தீட்டியவை. நிலையம் 1916-இல் திறக்கப்பட்டது. அந்த ஓவியங்களில், 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டா நகரத்தைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றிய காட்சியைத் தேடி, அதன் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். அந்தப் படையெடுப்புக்கான கப்பல்களில் பல இந்த ஆற்றில்தான் ஆயத்தமாயின. கடல் கடந்து செல்லும் போர்ச்சுகீசியரின் கதை அங்கே தொடங்கி, ஒரு நூற்றாண்டுக்குள் நம் கடற்கரை வரை வந்து சேர்ந்தது.

அங்கிருந்து மெட்ரோவில் ஏறி, டோம் லூயிஸ் பாலத்தின் மேல் தளம் வழியாக ஆற்றைக் கடந்து, ஜார்டிம் டோ மோரோ நிறுத்தத்தில் இறங்குங்கள். 1886-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் வளைவு 172 மீட்டர் அகலத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டுகிறது. இதைப் பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபில் கட்டினார் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. வடிவமைத்தவர் அவருடைய முன்னாள் கூட்டாளியான தியோஃபில் செய்ரிக். ஈஃபில் நிறுவனம் 1877-இல் கட்டிய மரியா பியா ரயில் பாலம் ஆற்றின் மேல்பக்கத்தில் தனியாக, இன்று ரயில் ஓடாமல், நிற்கிறது.

நீங்கள் இறங்கும் தென்கரை காயா எனப்படும் வேறொரு நகராட்சி. நிறுத்தத்தின் பக்கத்திலுள்ள தோட்டத்தை ஒட்டியே கம்பிவடத்தில் ஓடும் தொங்கு வண்டி இருக்கிறது. அது உங்கள் இருவரையும் நேராகப் படகுத்துறையில் கொண்டுபோய் விடும். அங்கே ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரிகின்றனவே, அவைதான் புகழ்பெற்ற போர்ட் வைன் என்ற இனிப்பான திராட்சை மதுவின் கிடங்குகள். மது அருந்தாதவர்களும் ஒரு கிடங்கை உள்ளே சென்று பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். வடக்கு நோக்கிய சரிவு என்பதால் வெயில் குறைவு, ஆற்றின் ஈரம் அதிகம். அதனால்தான் வணிகர்கள் சரக்கை இக்கரையில் வைத்தார்கள். 1986 வரை ஏற்றுமதியாகும் போர்ட் வைன் காயா வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதியே இருந்தது. அரையிருட்டில் மதுவை நிரப்பி அடுக்கியிருக்கும் மரக் கொள்கலன்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர் பீப்பா. அளவுக் கணக்கில் ஒரு பீப்பா என்பது 550 லிட்டர். நம்முடைய பீப்பாய் என்ற சொல் இதேதான். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் ஆகியவையும் இப்படிப் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவையே. வீட்டில் நாளும் புழங்கும் ஒரு சொல் பிறந்த வீட்டில் நிற்கிறோம் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

துறையில் கட்டியிருக்கும் ரபேலோ படகுகளையும் நெருங்கிப் பாருங்கள். அடிப்பாகம் தட்டை, பின்புறத்தில் மிக நீளமான ஒரு பெரிய துடுப்பு, அதைப் பிடிக்கிறவர் பீப்பாய்களுக்கு மேலே பார்க்க வேண்டும் என்பதற்காக உயரமான ஒரு மேடை. ஆற்றின் மேல்பகுதியிலுள்ள திராட்சைத் தோட்டங்களிலிருந்து பாறையும் சுழலுமாக இருந்த ஆற்றில் சரக்கை இறக்கியது இந்தத் துடுப்பு ஒன்றின் துணையில்தான். முதலில் ரயிலும், பிறகு லாரியும், அணைகளும் வந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டன.

பாலத்தின் கீழ்த்தளம் சமதளமானது. அதில் மெதுவாக நடந்தே வடகரைக்கு வந்துவிடலாம். வந்து சேரும் இடம் ரிபெய்ரா, பழைய படகுத்துறை. அங்கே ஆற்றுச் சுவரில் பதித்த ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை நகருக்குள் நுழைந்தபோது, தப்பி ஓடிய மக்கள் படகுகளைப் பிணைத்து அமைத்திருந்த மிதவைப் பாலத்தில் நெரிசலாகக் குவிந்தார்கள். பாலம் பிளந்து ஏராளமானோர் மூழ்கினார்கள். அந்தச் சிற்பத்தின் முன்னால் இன்றும் மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். புகை படிந்த அந்தச் சுவரைக் கடந்து உணவகங்களுக்கு விரையும் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்; நீங்களாவது ஒரு நிமிடம் நில்லுங்கள். திரும்ப மேலே ஏறுவதற்குப் பாலத்தின் அருகிலேயே குயின்டாய்ஸ் இழுவை ரயில் இருக்கிறது. ஆக முதல் நாளில் பெரிய படிக்கட்டு எதுவும் உங்கள் வழியில் குறுக்கிடாது.

இரண்டாம் நாளுக்கு இன்ஃபான்டே சதுக்கத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முக்கியமான இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் சுங்கச் சாவடியாக எழுந்த காசா டோ இன்ஃபான்டே முதலாவது. கடலோடி என்று பெயர்பெற்ற இளவரசர் ஹென்றி 1394-இல் அங்கே பிறந்தார் என்பது ஊர் வழக்கு. அடுத்தது சாவ் ஃபிரான்சிஸ்கோ தேவாலயம்: வெளியே சாம்பல் நிறக் கருங்கல், உள்ளே தூண்களையும் கூரையையும் கொடிபோலச் சுற்றிப் படரும் பொன்முலாம் பூசிய மரச் செதுக்கல். கடல் வணிகத்தில் சேர்ந்த செல்வத்தை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் இடம் அந்த ஊரில் கிடையாது. அதை ஒட்டியிருக்கும் பங்குச் சந்தை மாளிகையில் வழிகாட்டியுடன்தான் நுழைய முடியும். அங்குள்ள அரபு மண்டபத்தை முடிக்க 18 ஆண்டுகள் ஆயின.

கிளெரிகோஸ் தேவாலயக் கோபுரத்தில் 200-க்கும் மேற்பட்ட படிகள், அதுவும் குறுகலானவை; அம்மாவுடன் செல்லும்போது கீழிருந்து பார்த்தால் போதும். லெல்லோ புத்தகக் கடை அழகானதுதான். ஆனால் நுழைவுச் சீட்டும் நீண்ட வரிசையும் உண்டு. இரண்டே நாள் என்றால் நான் அதை விட்டுவிடுவேன்.

பிற்பகலில் சதுக்கத்தின் அருகிலிருந்து புறப்படும் 1-ஆம் எண் பழைய டிராம் வண்டியில் ஏறி, ஆற்றை ஒட்டியே கழிமுகம் வரை செல்லுங்கள். சாலைப் பணி நடக்கும் காலங்களில் டிராம் நிறுத்தப்படுவதுண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேருந்து இருக்கிறது. வழியில் மிராகாயா பகுதியில் 1859-இல் கட்டத் தொடங்கிய பெரிய சுங்க மாளிகை வரும். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், மணல் திட்டில் அலைகள் உடைவது கண்ணுக்கே தெரியும். அந்த மணல் திட்டுதான் எத்தனையோ கப்பல்களைக் கவிழ்த்தது. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே லெய்சோயிஸ் என்ற இடத்தில் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள், பெரிய கப்பல்கள் மெல்ல மெல்ல அங்கே மாறிவிட்டன. கரையோரத் தோட்டத்தில் அமர்வதற்கு நிறைய இருக்கைகள் உண்டு. அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு, கலங்கரை விளக்கம் வரை நீங்கள் மட்டும் போய் வாருங்கள். காற்று பலமாக இருக்கும், சால்வை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.