கைதட்டலுக்கு ஒரு ரசீது

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு கால்பந்தாட்டம். இடைவேளையில் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் மைதானத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வெளிநாட்டில் பணியில் இருக்கும் அப்பா பெரிய திரையில் தோன்றி நாலு வார்த்தை பேசுகிறார். படம் முடிகிறது. அதே அப்பா, அதே சீருடையில், ஓரத்து வாசல் வழியாக நடந்து வருகிறார். பிள்ளைகள் ஓடுகிறார்கள். அரங்கமே எழுந்து நிற்கிறது. இந்த மாதிரிக் காட்சிகள் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும், விஷயம் தெரிந்த பிறகும்கூட. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தெரிந்த விஷயம் இதுதான். 2015 நவம்பர் 4-ஆம் தேதி ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருவரும் அரிசோனா மாநிலத்துக்காரர்கள், குடியரசுக் கட்சியினர். ராணுவத்தின் மேல் காழ்ப்பு உள்ளவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. மெக்கெய்ன் கடற்படை விமானி. வியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டு ஐந்தரை ஆண்டு சிறையில் வதைபட்டவர். அவர் வெளியிட்ட அறிக்கை சொன்னது: மைதானங்களில் படைவீரர்களுக்குச் செய்யப்பட்ட மரியாதைகளில் பல, ராணுவமே அணிகளுக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவை. அதற்கு முந்தின நாலு ஆண்டுகளில் 68 லட்சம் டாலர் வரை இப்படிப் போயிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் கைக்குக் கிடைத்தவை 122 ஒப்பந்தங்கள். அவற்றில் 72-இல் இந்த வகை மரியாதை எழுத்திலேயே இருந்தது. தேசிய கீதம் பாட ஒரு சிப்பாய், மைதானத்தை மூடும் ராட்சதக் கொடி, கொடி அணிவகுப்பு, புதிதாகப் படையில் சேருபவர்களுக்கு ஆட்டக்களத்திலேயே உறுதிமொழி. நான் முதலில் சொன்னேனே, அப்பா திடீரென்று வந்து நிற்பது, அதுவும் பட்டியலில் உண்டு.

தமிழில் நமக்கு ஒரு பழமொழி இருக்கிறது, கூலிக்கு மாரடிப்பது என்று. இங்கே ஒரு வித்தியாசம். கூலிக்கு மாரடிப்பவளுக்குத் தான் கூலி வாங்கியது தெரியும். அந்த அரங்கத்தில் எழுந்து நின்று கைதட்டிய மனிதனுக்கோ ஒன்றும் தெரியாது. அவன் கண்ணீர் சொந்தக் கண்ணீர். டிக்கெட்டுக்கும் அவன்தான் காசு கொடுத்தான், ராணுவம் கொடுத்த பணமும் அவன் கட்டிய வரி.

சில்லறைக் கணக்கில்தான் விஷயத்தின் முகம் தெரியும். தேசியக் காவல் படை என்பது அங்கே மாநிலந்தோறும் இருக்கும் ராணுவத் துணைப்படை. பாதுகாப்புத் துறையும் நியூஜெர்சி மாநிலத்தின் காவல் படையும் சேர்ந்து நியூயார்க் ஜெட்ஸ் கால்பந்து அணிக்கு 2011 முதல் 2014 வரை 3,77,000 டாலர் கொடுத்தன. அதற்குப் பதிலாகக் கிடைத்தவற்றுள் ஒன்று, ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்திலும் ஓரிரு வீரர்களைத் திரையில் காட்டி, 'நம் ஊர் நாயகர்கள்' என்று கூட்டத்தைக் கைதட்ட வைப்பது. விஸ்கான்சின் காவல் படை மில்வாக்கி பேஸ்பால் அணிக்கு 49,000 டாலர் தந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் 'கடவுளே, அமெரிக்காவை ஆசீர்வதியும்' என்ற பாட்டுக்கு ஆதரவாளராக இருப்பதற்காக! கோயில் திருவிழாவில் 'இன்றைய மண்டகப்படி உபயம்' என்று பலகை எழுதி வைப்பார்கள் அல்லவா? அந்தப் பலகையாவது உபயதாரர் யார் என்று ஊரறியச் சொல்லும்.

ராணுவத்தின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 1973-இல் அங்கே கட்டாயப் படைச்சேர்ப்பு நின்றுபோனது. அதன்பிறகு இளைஞர்களைத் தேடிப்பிடித்து இழுத்தால்தான் ஆள் கிடைக்கும். இளைஞர்கள் இருக்குமிடம் ஆட்டக்களம். அங்கே விளம்பரப் பலகை வைப்பதில் யாருக்கும் புகார் இல்லை. தான் விளம்பரம் என்பதை மறைத்துக்கொள்கிற விளம்பரம்தான் சிக்கல். அதனால் ஆள் சேர்ந்ததா என்றால் அந்தக் கதை இன்னும் வேடிக்கை. நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் 2012-ஆம் ஆண்டு மட்டும் தேசியக் காவல் படை 2 கோடியே 65 லட்சம் டாலர் செலவிட்டது. அந்த வழியாக விசாரித்தவர்களில் தகுதி தேறியவர்கள் சுமார் இருபது பேர். படையில் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

அணிகளுக்கு என்ன லாபம் என்று கேட்டால், பணம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு 1918-க்குப் போக வேண்டும்.

முதல் உலகப்போர். 'வேலை செய், இல்லையேல் போருக்குப் போ' என்று அமெரிக்க அரசு ஆணையிட்டிருந்தது. பேஸ்பால் அத்தியாவசிய வேலை அல்ல என்று தீர்ப்பாகி, பருவத்தையே சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். திடகாத்திரமான ஆட்கள் பிரான்சில் சாகும்போது இவர்கள் பந்தடிக்கிறார்களே என்ற பேச்சு வேறு. செப்டம்பர் 5, சிகாகோவில் உலகத் தொடரின் முதல் ஆட்டம். கூட்டம் குறைவு, உற்சாகமும் குறைவு. முந்தின நாள்தான் அந்த நகரத்தின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்திருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் ஜனங்கள் எழுந்து கைகாலை நீட்டி முறித்துக்கொள்ளும் நேரம். பேண்ட் வாத்தியக் குழு, இன்று தேசிய கீதமாக இருக்கும் பாட்டை வாசிக்க ஆரம்பித்தது. சட்டப்படி அது கீதமானது 1931-இல்தான். பாஸ்டன் அணியில் ஃபிரெட் தாமஸ் என்று ஒருவர். கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்தவர். பாட்டு காதில் விழுந்ததும் கொடியைப் பார்த்துத் திரும்பி விறைப்பாக சல்யூட் வைத்தார். அதைப் பார்த்து மற்ற வீரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கூட்டம் மெல்லப் பாட ஆரம்பித்து, முடியும்போது பெருங்குரலாகிவிட்டது. பேப் ரூத் பந்து வீசி 1-0 என்று பாஸ்டன் ஜெயித்த ஆட்டம் அது. அதைவிட இந்தப் பாட்டுத்தான் மறுநாள் பத்திரிகையில் பெரிய செய்தி.

உரிமையாளர்கள் விடுவார்களா? தொடர் பாஸ்டனுக்குப் போனதும் பாட்டை ஆட்டத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்தார்கள். காயம்பட்ட வீரர்களை இலவசமாக அழைத்து உட்கார வைத்தார்கள். பந்தாடுவது குற்றம் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. பரிசுத்தொகையில் தங்கள் பங்கு குறைக்கப்பட்டதால் ஆட்டக்காரர்கள் களமிறங்க மறுத்தார்கள். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் இறங்கினார்கள். பொதுமக்களுக்காகவும், அரங்கில் உட்கார்ந்திருக்கும் காயம்பட்ட வீரர்களுக்காகவும் ஆடச் சம்மதித்திருக்கிறார்கள் என்று கூட்டத்துக்கு அறிவித்தார்கள். அந்த வீரர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எவன் கூலி கேட்டு நிற்பான்? மரியாதைக்கு அழைத்துவந்தவர்களை வைத்தே அடுத்தவன் வாயை அடைக்கலாம் என்பதும் முதல் வருஷத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த ஃபிரெட் தாமஸின் சல்யூட்டுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லிவைத்ததாகவும் இல்லை. இந்த விவகாரத்தில் எனக்கு வருத்தம் தருவது இதுதான். 2015 அறிக்கையிலும் இதே கவலை உண்டு. ஒரு பைசா வாங்காமல் வீரர்களைக் கௌரவித்த அணிகளும் இருந்தன. ரசீது வெளியானபின் எது காசுக்கு, எது மனசுக்கு என்று கூட்டம் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? அமெரிக்கக் கால்பந்து லீக் கணக்குப் பார்த்து 7,23,734 டாலரைத் திருப்பித் தருவதாக 2016-இல் அறிவித்தது. காசு கொடுத்து மரியாதை வாங்கக்கூடாது என்று ராணுவத்துக்கும் தடை வந்தது.

நம் பக்கம் பணம் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று கொல்லப்பட்ட நாற்பது சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இருவர் நம்மவர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், ஒருவர் அரியலூர். அடுத்த மாதம் ராஞ்சி ஆட்டத்தில் இந்திய அணி ராணுவத் தொப்பி அணிந்து, ஆட்ட ஊதியத்தைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தது. ஐ.பி.எல். தொடக்க விழாவை ரத்து செய்து, அந்தப் பணம் படைகளுக்குப் போனது. சேப்பாக்கத்தின் முதல் ஆட்ட வசூலும் அந்தக் குடும்பங்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. கொடுத்த காசு, நல்ல காசு. 2021-இல் சென்னையின் மஞ்சள் சட்டைத் தோளில் ராணுவச் சீருடைப் புள்ளிகளும் வந்தன. அந்தச் சட்டை கடையில் விற்பனைக்கும் வந்தது. இதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு வியாபாரம்? எடைபோட என்னிடம் தராசு இல்லை.

எங்கள் சித்தப்பா ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். வேலூர்ப் பக்கம். விடுமுறையில் வந்தால் காட்பாடியில் இறங்கி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு பஸ் பிடித்து வருவார். எழுந்து நிற்க அரங்கம் ஏது? தெருநாய் குரைக்கும். சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து, "கேண்டீன் சரக்கு ஏதாவது கொண்டாந்தியாப்பா?" என்று கேட்பார்கள். இதுதான் ஊர் செய்த மரியாதை.

இந்த உரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, போன வாரம் அவரிடம் அந்த அமெரிக்க அப்பா காட்சியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிள்ளைகள் ஓடிவரும் இடத்தில் லேசாகச் சிரித்தார். ராணுவம் காசு கொடுத்து இப்படியெல்லாம் செய்தது என்று சொன்னேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரிப்பா, எத்தனை நாள் லீவு குடுத்தாங்களாம்?" என்றார்.

அது வீடியோவில் இல்லை சித்தப்பா என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வணக்கம்.